சூளை என்று பெயர் வைத்த ரூட்டர்

நீலாவதியின் செய்தி மறுபடியும் தொலைந்துபோனது. மடிக்கணினித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னி அணைந்தது.

மோகனப்பிரியா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். ஐந்து கணினிகள் ஒரே ரூட்டர் வழியாகச் செய்தி அனுப்பினால் நெரிசல் எப்படி வருகிறது என்று மென்பொருளில் ஓட்டிக் காட்ட வேண்டும். கல்லூரி புராஜெக்ட். நாளைக்குத் தேர்வாளர் வருகிறார். ஒரு செய்திகூடத் தொலையக் கூடாது.

வீட்டில் கரண்ட் இல்லை. அதனால் அப்பாவின் பொம்மைப் பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். கணினிகளுக்கு வெறும் எண் வைக்கப் பிடிக்காமல் தெருப் பட்டறைக்காரர்களின் பெயரை வைத்திருந்தாள்: திருமால், கண்ணம்மாள், நீலாவதி, பழமலை, அப்பா சுப்புராயன். ரூட்டருக்கு, எல்லாரும் பொம்மை சுடும் பொதுச் சூளையின் பெயர்.

"அட, நம்ம பேரெல்லாம் இருக்குதே!" சுப்புராயன் களிமண் கையைத் துடைத்துக்கொண்டு போனில் படம் எடுத்தார். "சூளை குரூப்புல போடறேன்."

"இன்னும் முடியலப்பா."

"இருக்கட்டும். எம்பொண்ணு போட்டதுன்னு தெரியட்டும்."

இந்த வாரம் யார் வண்டி எப்போது போக வேண்டும் என்று சூளைக்கு முறை சொல்லும் பொறுப்பு அவருடையது. குரூப்பில் அவர் எது போட்டாலும் மறுபேச்சில்லை. அவருடைய கொலு பொம்மைகளும் காலையிலேயே சூளைக்குப் போயிருந்தன. இன்றைக்கு வெந்தால்தான் சென்னை ஆர்டர் நிலைக்கும்.

மோகனப்பிரியா முறையில் நீலாவதியை முதலாவதாக வைத்தாள். இப்போது திருமால் சிவந்தார். சுப்புராயன் அதையும் படம் எடுத்தார்.

வெளியே யாரோ யாரையோ திட்டினார்கள்.

"என்னப்பா சத்தம்?"

"சூளைகிட்ட என்னிக்குச் சத்தம் இல்ல? நீ உன் வேலையப் பாரு பாப்பா."

முறையே வேண்டாம், எல்லாரும் ஒன்றாக அனுப்பட்டும் என்று மாற்றினாள். திரை முழுக்கச் சிவப்பு.

"செவப்பு நல்லா எடுப்பா இருக்குது," என்று அடுத்த படம் போனது.

வெளியே ஹாரன்கள் அலறின. கண்ணம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "யோவ், எம்பொம்ம மேல வண்டிய ஏத்தாதய்யா!"

மோகனப்பிரியா காதைப் பொத்திக்கொண்டு யோசித்தாள். இந்த ரூட்டர் நாலு பேரைத்தான் தாங்கும். ஒருவரைக் கழற்றிவிட வேண்டியதுதான். அடுத்தவர் பெயரில் கை வைக்க மனம் வரவில்லை. அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் பெயரை எடுத்துவிட்டு ஓட்டினாள்.

திரை பச்சையாக விரிந்தது. ஒரு செய்திகூடத் தொலையவில்லை.

"வந்துடுச்சுப்பா!"

சுப்புராயன் கண்ணாடியைத் தேடப் பொறுமையில்லாமல் அதையும் படமெடுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில், ஆச்சரியமாக, வெளியிலும் சத்தம் அடங்கியது. இருவரும் நிம்மதியாக டீ குடித்தார்கள்.

சூளை பார்க்கும் அந்தோணிமுத்து ஒரு தள்ளுவண்டியை மெதுவாக உள்ளே உருட்டி வந்தார். வண்டி நிறையக் கொலு பொம்மைகள்.

"இன்னா முத்து, அதுக்குள்ள வெந்துடுச்சா?"

"எங்கண்ணே வேகறது? நீங்க அனுப்பின படத்தப் பார்த்துப் பார்த்துத்தான் காலையிலேர்ந்து வண்டிய மாத்தி மாத்தி உட்டேன், கடைசிப் படத்துல உங்க பேரே இல்ல!"