ஐந்தாம் பூத்

கடையில் ஒரு சனம் இல்லை. எட்டு டெலிபோன் பூத்தும் கதவு திறந்தபடி கிடந்தன. ஆனால் மேசையில் இருந்த கொம்பியூட்டரோ, நாலு லைனிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பதாகச் சிவப்பு எழுத்தில் அடம்பிடித்தது.

"பாருங்க தம்பி, உள்ளுக்குப் பேயா இருந்து பேசுது?" என்றார் இப்றாஹிம் நானா.

வெள்ளவத்தை காலி வீதியில் இருந்த நானாவின் கொமியூனிகேஷன் கடைக்கு அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் சவுந்தரநாயகம். முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. இரண்டு தெரு தள்ளி அம்மாவோடு இருந்தான். 1998இல் பாதிச் சனத்துக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் டெலிபோன் கிடையாது. எல்லோரும் நானாவிடம்தான் வந்தார்கள். இந்தப் புரோகிராம் ஒழுங்காக ஓடினால் தெருவில் உள்ள மற்றக் கடைகளும் வாங்கும் என்று சவுந்தரநாயகம் நம்பியிருந்தான்.

பூத் எட்டு, லைன் நாலு. அதனால் புரோகிராம் தன்னிடம் நாலு அனுமதிகளை வைத்திருந்தது. றிசீவரைத் தூக்குகிறவருக்கு ஒன்று போகும். கதைத்து முடிந்ததும் அது திரும்பி வரும். நாலும் வெளியே போய்விட்டால் ஐந்தாமவர் காத்திருக்க வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் இதைச் செமபோர் என்பார்கள். எட்டு பூத்துக்கும் எட்டுத் திரெட்டுகள், அதாவது தனித்தனி ஓட்டங்கள், ஒரே நேரத்தில் ஓடின. அதில் எது எடுத்தது, எது திருப்பித் தரவில்லை என்று பிடிப்பது லேசான வேலையில்லை.

"ஆரோ எடுத்துப்போட்டுத் திருப்பித் தராமல் போகினம், நானா."

"என்ட கடையிலயா? களவா?"

"களவில்லை. கசிவு."

நானா அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

முதலில் சுகமான வழியைத்தான் சவுந்தரநாயகம் பிடித்தான். மணிக்கு ஒருமுறை புரோகிராம் தானாகவே நின்று மறுபடி தொடங்கும்படி செய்தான். நாலு அனுமதியும் புதிதாக வந்துவிடும். அன்று பதினொரு மணிக்கு இரண்டாம் பூத்திலிருந்து நாகமணி அக்கா கத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"டென்மார்க்கிலை மகளுக்குப் பிள்ளை பிறந்திட்டுது! ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு கேக்க முந்தி அறுத்துப்போட்டியே, பாவி!"

அதை எடுத்துவிட்டு, நாலு என்று இருந்ததை நாற்பது ஆக்கினான். நாற்பதும் கசிய நாளாகும் அல்லவா? ஆனால் இப்போது ஐந்தாவதாக வந்தவரும் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே ஆள் பேசிக்கொண்டிருந்த லைனுக்குள் புகுந்தார். சின்னராசா சூரிச்சில் இருந்த மனைவியிடம் "என்ரை செல்லம், எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்டது, பக்கத்துப் பூத்தில் றஸ்மியா பேசிக்கொண்டிருந்த அவளுடைய றியாத் கணவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆரடி அந்த ஆம்பிள?" என்று றியாத் இடியாய் முழங்கியது.

றஸ்மியாவைச் சமாதானப்படுத்த நானாவுக்கு இரண்டு பிளேன்டீ ஆனது.

"தம்பி, இன்னும் ஒரு கிழம பாப்பேன். சரிவரல்லண்டா பழையபடி கொப்பியும் பேனையும்தான்."

சவுந்தரநாயகம் நாற்பதை மறுபடி நாலாக்கினான். ஒவ்வொரு எடுப்பையும் அடித்த நம்பரையும் ஒவ்வொரு திருப்பலையும் பூத் இலக்கத்தோடும் நேரத்தோடும் எழுதிவைக்கச் செய்தான். அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தான். மறுநாள் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவற்றை விரித்து, "மே மொனவாத?" என்று, இவை என்னவென்று சிங்களத்தில் கேட்டான். இலக்கம் இலக்கமாக நிறைந்த தாளுக்கு விளக்கம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் போனது.

இவ்வளவுக்கும் மாலை ஐந்து மணிக்கு மெஷின் தவறாமல் நின்றது. நானா ஆளனுப்புவார், இவன் ஓடி வருவான். அந்த நேரத்தில் கடையில் வழக்கமாக இருப்பவர்கள் மூன்று பேர். கல்யாணத் தரகர் அன்னபாக்கியம் ஐந்தாம் பூத்துக்குள் நின்று ரொறன்ரோ மாப்பிள்ளையோடு தெருவுக்கே கேட்கக் கதைப்பார். பெண்ணின் தகப்பன் தில்லையம்பலம் வாங்குப் பலகையில் இருந்து பேப்பர் படிப்பார். பெண் தேவமலர் பக்கத்தில் இருப்பாள்.

ஒருநாள் தேவமலர் எட்டித் தாள்களைப் பார்த்தாள்.

"நம்பர் அடிச்ச கோல் எல்லாம் சரியாத் திரும்பியிருக்கே?"

"ஓம். மற்றது ஏன் திரும்பேல்லை எண்டுதான் விளங்கேல்லை."

"ஒருத்தர் நம்பர் அடிக்காமலே றிசீவரைத் தூக்கி வைச்சா?"

சவுந்தரநாயகம் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். பிறகு மறுபடி அவளைப் பார்த்தான். அனுமதி போவது றிசீவரைத் தூக்கும்போது. திரும்புவதோ கோல் முடியும்போது. கோலே எடுக்காவிட்டால் முடிவதற்கு என்ன இருக்கிறது? திரும்பாதவை எல்லாம் ஐந்தாம் பூத்தில், ஐந்து மணிக்கு. நாலு தரம் தூக்கி வைத்தால் கடை முழுவதும் படுத்துவிடும்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினான். கோல் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், றிசீவரை வைத்த உடனே அனுமதி திரும்ப வேண்டும். இரண்டு வரிதான்.

மறுநாள் கூப்பிடாமலே ஐந்து மணிக்கு முன்னர் வந்து உட்கார்ந்தான். அன்னபாக்கியம் உள்ளே போனார். தூக்கினார், வைத்தார். நாலு தரம். ஏழு தரம். திரை பச்சையாகவே இருந்தது. சவுந்தரநாயகத்துக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது.

அன்னபாக்கியம் வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். "என்ன தம்பி, இண்டைக்கு நிக்கேல்லையே?"

"இனி நிக்காது அன்ரி. இவ்வளவு நாளும் நீங்கள் ஒரு நம்பரும் அடிக்கேல்லை. எல்லாம் இதிலை பதிஞ்சிருக்கு."

நானா அவசரமாகக் கல்லாப்பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். தேவமலர் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், ஏமாந்த குடும்பம் என்று சவுந்தரநாயகத்துக்கு மனம் இளகியது. தில்லையம்பலத்தின் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, சொல்லக் கவலையாயிருக்கு. கனடாவிலை மாப்பிள்ளை எண்டு ஒருத்தரும் இல்லை."

தில்லையம்பலம் பேப்பரை மடித்துவிட்டு, அவனைத் தலையிலிருந்து கால்வரை ஆறுதலாக ஒருமுறை பார்த்தார்.

"தெரியும் தம்பி. பொம்பிளை பாக்கக் கூப்பிட்டா வரமாட்டியளாம், மெஷின் நிண்டாத்தான் ஓடி வருவியளாம் எண்டு உங்கடை அம்மாதான் சொன்னவா."