சிகாகோவுக்கு விசில் ஊதியவர்

அமெரிக்காவில் கால் வைக்காமலேயே அமெரிக்காவைக் குட்டிச்சுவராக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆரணியில் இருக்கிறார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் 'விசில்'. கோயில் சுற்றுலா பஸ் நடத்துகிறார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஊதினால் பயணிகள் பஸ்ஸுக்கு ஓடிவர வேண்டும். வராதவர்களின் பெயரும், அவர்கள் எதற்காக ஒதுங்கியிருக்கிறார்கள் என்ற விவரமும் மைக்கில் அறிவிக்கப்படும்.

பயணிகளை அவர் ஆடு மாடு எண்ணுவதுபோலத் தலையை எண்ணி ஏற்றுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால் பஸ் புறப்பட்டுவிடும், தலை யாருடையதாக இருந்தாலும் கவலையில்லை. ஒருமுறை படவேடு போய்த் திரும்பும் வழியில் சந்தவாசலில் டீக்கு நிறுத்தினார். எண்ணினார், சரியாக இருந்தது, கிளம்பிவிட்டார். ஆரணி வந்த பிறகுதான் தெரிந்தது, களம்பூர் ரைஸ் மில் முதலாளியைச் சந்தவாசலிலேயே விட்டுவிட்டு, போளூர் போக வேண்டிய யாரோ ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார். அந்த மனிதர் பாவம், தூங்கிவிட்டிருந்தார். "கணக்கு சரியாத்தானே இருந்துச்சி?" என்று அவரையே மிரட்டினார் விசில்.

இப்படிப்பட்டவரிடம் எங்கள் சிகாகோ பயணத்தை ஒப்படைத்தது என் மகள் ஷெரின். அவள் அங்கே, சிகாகோவிலிருந்து காரில் சில மணி நேரம் தள்ளி ஓர் ஊரில், தனியாக இருந்து வேலை பார்க்கிறாள். குளிர்காலத்தில் பனியில் அவள் கார் சறுக்கிக் கம்பத்தில் மோதியது. "சின்ன அடிதாம்மா" என்றாள். அன்றிலிருந்து வீடியோவில் முகம் மட்டும்தான் காட்டுவாள். சோபாவில் உட்கார்ந்திருப்பாள், எழுந்திருக்கவே மாட்டாள். "கொஞ்சம் எழுந்து நில்லுடி" என்றால் உடனே நெட் போய்விடும். இருபத்தைந்து வருடம் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். மறைக்கிற முகம் எனக்குத் தெரியாதா? போன் அடித்தால் அந்த நாட்களில் என் கையிலிருப்பது கீழே விழும். இப்போதும் விழுகிறது.

நேரில் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்று சொல்லி, கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுக்க வைத்தேன். "முதல்ல மூணு நாள் சிகாகோவைச் சுத்திப் பார்ப்போம். பிளானை விசில் மாமாகிட்ட போடச் சொல்லும்மா, ஜாலியா இருக்கும்" என்றாள். பள்ளியில் படிக்கும்போது அவர் பஸ்ஸில் போனவள் அவள். பிஞ்சு வயதில் பட்ட அடி மாறாது போலிருக்கிறது.

விசில் வீட்டுக்கு வந்தார். என் கணவர் உலக வரைபடத்தை விரித்தார். விசில் அதன்மேல் காபி டம்ளரை வைத்தார்.

"டீச்சரம்மா, ராவுல தங்க கல்யாண மண்டபம் எதுனா இருக்குதா அங்க?"

"ஓட்டல் இருக்கிறது."

"ஓட்டல்ல நாலு மணிக்கு வெந்நீ குடுப்பானா?"

"நாலு மணிக்கு எதற்கு?"

"இன்னா இப்டி கேக்கறீங்க? விடிகாலைல எய்ந்து குளிச்சிட்டுப் போனா கூட்டம் இருக்காது. எந்த ஊரா இருந்தாலும் தரிசனம் ஒண்ணுதான்."

சிகாகோவின் நடுவே மொச்சைக்கொட்டை வடிவத்தில் கண்ணாடிபோல் மின்னும் பெரிய எஃகுச் சிற்பம் ஒன்று உண்டு. அதற்கு அவர் விடிகாலை தரிசனம் வைத்தார். கடல்போல் கிடக்கும் ஏரியைத் தீர்த்தம் என்று முடிவு செய்து, இரண்டு கேன் எடுத்துப் போகச் சொன்னார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று நினைவூட்டினேன். "அதனாலதான் ரெண்டு கேன். ஒண்ணு எனக்கு" என்றார். நூறு மாடிக் கட்டடத்தைப் பற்றி என் கணவர் ஆசையாகச் சொன்னபோது, "லிப்ட்ல ஏறு, பாரு, எறங்கு. பத்து நிமிசம். விசில் ஊத ஆள் இல்லியேன்னு அங்கியே குந்திக்கினு இருக்காதீங்க" என்று எச்சரித்தார்.

இது முதல் நாள் கூத்து. அதற்குப் பிறகு அவரே நேராக ஷெரினிடம் வீடியோவில் பேசிக்கொண்டார். பேசிவிட்டு வந்தபோது திட்டம் தலைகீழாக மாறியிருந்தது. மொச்சைக்கொட்டை போனது. மியூசியம் போனது. மூன்று நாளும் படகு. காலையில் ஆற்றில் படகு, மாலையில் ஏரியில் படகு, நடுவில் பெஞ்ச்.

"நாங்கள் சிகாகோ பார்க்கப் போகிறோமா, மீன் பிடிக்கப் போகிறோமா?" என்றேன்.

"குந்திக்கினே ஊரெல்லாம் பாத்துடலாம் டீச்சரம்மா. எதுக்கு நடந்து பேஜார் பண்ணிக்கினு?"

எனக்குக் கொதித்தது. எங்கள் ஊர்ப்பக்கத் திருமலைக் குன்றில் எழுபது வயதுக்காரர்களை விசில் ஊதி ஓட ஓட ஏற்றிய மனிதர் இவர். எந்த இடத்தைச் சொன்னாலும் இப்போது ஒரே கேள்வி: "அங்க படி எவ்ளோ இருக்குது?" எங்களைக் கிழவன் கிழவி என்று முடிவுகட்டிவிட்டார். பள்ளியில் இரண்டாவது மாடியில்தான் எனக்கு வகுப்பு, ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்குகிறேன் என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "சரி, படகுல ஏற எத்தினி படின்னு ஷெரின் பாப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியும் சென்னை விமான நிலையத்துக்கு அவர் வேனிலேயே வந்தார். வாசலில் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றியதும், சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"கோச்சிக்காதீங்க டீச்சரம்மா. சக்கரத்துக்கு மதம் கெடையாது. நசுக்கிட்டுப் போங்க."

நசுக்கினேன். ஒரு பழம் பாதி நசுங்கி உருண்டு, பின்னால் வந்த ஒரு பெரிய மனிதரின் வெள்ளைக் காலணியில் சாறு தெளித்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் தவறான வாசலை நோக்கி நடந்தார். விசில் பொறுக்கமாட்டார் அல்லவா? ஊதினார்.

மொத்த விமான நிலையமும் நின்றது. துப்பாக்கி வைத்திருந்த காவலர் ஒருவர் ஓடிவந்து, "கியா ஹை?" என்று இந்தியில் உறுமினார்.

"குச் நை பாய், பேமிலி. ஜல்தி உள்ள விடு" என்றார் விசில், தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில்.

அவரைத் தனியே அழைத்துக்கொண்டு போனார்கள். அழைத்துப் போகும்போதும் திரும்பி எங்களைப் பார்த்து, "தலைய எண்ணிக்கினு போங்க!" என்று கத்தினார். இருப்பதே இரண்டு தலை.

விமானத்தில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. சிகாகோவில் இறங்கி வெளியே வந்தபோது கூட்டத்தில் ஷெரின் நின்றிருந்தாள். பக்கத்தில் காரோட்டி வந்த தோழி. ஷெரினின் கையில் ஊன்றுகோல்.

ஓடிய வேகத்தில் தள்ளுவண்டியில் தடுக்கினேன். அவள்தான் என்னைப் பிடித்தாள்.

"அழாதம்மா. இடுப்புல பிளேட் வெச்சிருக்காங்க. மொதல்ல நிக்கவே முடியல. இப்ப பாரு, நிக்கிறேன்ல?"

"பெத்தவளுக்குச் சொல்லலியேடி நீ? யாருக்குத்தாண்டி தெரியும் இது?"

"விசில் மாமாவுக்குத் தெரியும். மொச்சைக்கொட்டை வரைக்கும் நடக்க முடியாதுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. போன்ல கேட்டா அம்மா தாங்க மாட்டாங்க, பக்கத்துல வந்து உன்னத் தொட்டுப் பாத்தா தாங்கிக்குவாங்கன்னு சொன்னாரு."

யார் இவர், நான் எதைத் தாங்குவேன் என்று முடிவு செய்ய? பேருந்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் அதை மைக்கில் சொல்லும் வாய், இதை மட்டும் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது! மூன்று நாளும் படகில் உட்கார்ந்து அவரைத் திட்டினேன். இரண்டு பக்கமும் வானத்தைத் தொடும் கட்டடங்கள் நகர்ந்தன. ஷெரின் என் தோளில் சாய்ந்தபடி, அது என்ன, இது என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருமுறைகூட அவள் வலியில் முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊர் திரும்பியதும் நேராக அவருடைய பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பேச வேண்டியதையெல்லாம் விமானத்திலேயே வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டார்.

"டீச்சரம்மா, படகுல ஏறும்போது பாப்பா கையப் புடிச்சிக்கினீங்களா?"

"பிடித்தேன்."

"எறங்கும்போது?"

"அப்போதும் பிடித்தேன்."

"அது போதும்" என்றவர் சட்டென்று திரும்பி, டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்த டிரைவரைக் கண்டபடி ஏசத் தொடங்கினார். அந்த ஆள் பாவம், ஒன்றுமே செய்யவில்லை. விசில் பாதியிலேயே நிறுத்திவிட்டு முதுகைக் காட்டி நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

அவர் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை நான் அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.