நாளைக்கு பாய்

‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லாத கவர்ன்மென்ட் ஆசாமி உலகத்தில் கிடையாது. ஆனால் அதையே பட்டப்பெயராக வாங்கிக்கொண்டவர், எனக்குத் தெரிந்து தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். எங்கள் தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், நாளைக்கு பாய். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்கள் சிலர் இன்னும் பென்ஷன் வாங்குகிறார்கள்.

குத்தகைக்கு உழுகிறவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம். பெயர் ஏறிவிட்டால் லேசில் யாரும் கிளப்ப முடியாது. அதனால் வரப்புக்கு வரப்பு தகராறு. பண்ணையார் குத்தகைக்காரரைச் சந்தேகப்பட்டார், குத்தகைக்காரர் ஆபீஸைச் சந்தேகப்பட்டார். ஜூனியர் கிளார்க்கான நான் ஒருவர் விடாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அதில் முதல் தாம்பூலம் பாய்க்குத்தான்.

காரணம் இருந்தது. வெறுங்கையோடு வருகிறவனுக்கு அன்றைக்கே வேலை முடிந்துவிடும். பையோடு வருகிறவனிடம் மட்டும், “நாளைக்கு வாங்க” என்பார். ‘வேண்டாம்’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மனுஷர் விலையை ஏற்றுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். ஒரு மிராசுதார் பச்சைப் பூவன் வாழைத்தாரோடு வந்தார். “நாளைக்கு வாங்க.” மறுநாளும் அதே தாரோடு வந்தார். “நாளைக்கு வாங்க.” ஐந்தாம் நாள் தார் பழுத்தது. ஆறாம் நாள் பாதியை வாசலில் நின்ற ஆடு தின்றது. ஏழாம் நாள் அவர் வெறும் காம்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் பாய் சிரிக்காமல் அதையேதான் சொன்னார்.

இன்னொரு சந்தேகம். காலையில் வந்ததும் நேரே உள்ளே வர மாட்டார். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கண்ணை மூடி ஒரு நிமிஷம் முணுமுணுப்பார். வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்டேன். கட்டெறும்பு கடித்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் ஒரு பண்ணையார் வந்தார். அவருடைய எட்டு மா நிலத்தை அஞ்சலை என்பவள் பதினைந்து வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்துவந்தாள். ‘அவள் கூலிக்கு வந்தவள்’ என்று பாய் ஒரு வரி எழுதினால் போதும், அவளுக்கு அந்த மண் இல்லை.

“ஒங்க மவன் சும்மாதானே இருக்கான் பாய்? துபாய் விசா, டிக்கெட்டோட. பம்பாய்ல நம்ம மச்சான்தான் ஏஜென்ட். இந்தாங்க பேப்பரு.”

பாயின் மகன் இரண்டு வருஷமாக வேலையில்லாமல் இருந்தான். அவன் பேச்சை எடுத்தாலே பாய் முகம் சுண்டிவிடும். அந்தக் காகிதத்தை அவர் கை தொட்டது. மடிப்பை விரலால் நீவித் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நாளைக்கு வாங்க” என்றார்.

மறுநாள்தான் வயலில் விசாரணை! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்றைக்கே கலெக்டருக்கு ஒரு மொட்டை மனு எழுதித் தபாலில் போட்டேன். கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன்.

மறுநாள் காலை பாய் சைக்கிளோடு நின்றது கால் மணி நேரம். ஸ்டாண்டு போடக்கூட மறந்து, அதைத் தாங்கியபடியே நின்றார். பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

பண்ணையார் சலவை வேட்டியில் வரப்பில் நின்றார். விசா காகிதம் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. பாய் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இந்த வயலுக்கு மடை எந்தப் பக்கங்க?”

பண்ணையார் பக்கத்தில் நின்ற தன் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

“வடகெழக்கு மூலைங்கய்யா,” என்றாள் அஞ்சலை. “நண்டு வளை போட்டு ஒழுகிக்கிட்டே கெடக்கும். தெனம் காலையில சேத்த வெச்சு அடைப்பேன். இன்னிக்கு நீங்க வரீங்கன்னு அடைக்காம நின்னுட்டேன்.”

பாய் போய்ப் பார்த்தார். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. குத்தகைக்காரர் என்ற இடத்தில் அஞ்சலை பெயரை எழுதினார்.

“என்ன பாய், நாளைக்குன்னுதானே சொன்னீங்க!” என்று பண்ணையார் பதறினார்.

“ஆமாங்க. இன்னிக்கும் அதத்தான் சொல்றேன். நாளைக்கு வாங்க.”

திரும்பும்போது கேட்டேவிட்டேன். “வேணாம்னு பட்டுனு சொல்லித் தொலைக்கலாமே பாய்?”

“அப்படிச் சொன்னா, ஆயுசுக்கும் வேணாம்னு ஆயிடும் தம்பி. ஆயுசுக்கும் சேத்து அல்லாகிட்ட வாக்குக் குடுக்க எனக்கு யோக்கியதை பத்தாது. என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நோன்புக்கு முப்பது நாளைக்கும் மொத்தமாவா நிய்யத், அதான் மனசுல உறுதி, வெக்கிறோம்? அன்னன்னிக்கு வெக்கிறோம்ல? அந்த மாதிரி, இன்னிக்கு ஒரு நாள் கை நீட்ட மாட்டேன்னு சைக்கிள்கிட்ட நின்னு நிய்யத் வெச்சுட்டு உள்ள வரேன். நாளைக்கு எப்படியோ, யாரு கண்டா? அஞ்சலை மடை மாதிரிதான். தெனம் ஒழுகும், தெனம் அடைக்கணும்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு ரொம்ப நேரம் நிய்யத் வார்த்தையே வரல. மவன் மொகந்தான் வந்துச்சு.” சொல்லிவிட்டு சைக்கிளை வேகமாக மிதித்தார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. ஆனால் போட்ட தபால் திரும்புமா? பாய் மேல் விசாரணை வந்து, ஒன்றுமில்லை என்று முடிவதற்குள் அவருக்கு வரவேண்டிய பிரமோஷன் நழுவிப் போனது. மனுவின் நகலை அவரிடமே கொடுத்து விளக்கம் கேட்டார்கள். இடது கையால் எழுதினேனே தவிர, ஆபீஸ் புத்தி என்னை விடவில்லை. மார்ஜின் விட்டு, ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் போட்டிருந்தேன். மொட்டை மனுவுக்குப் பார்வை போட்ட மேதாவி எங்கள் ஆபீஸில் வேறு யார் இருக்க முடியும்? பாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் ரிடையரான மறுநாள் வீட்டுக்குப் போனேன். “பாய், அந்த மனு...” என்று ஆரம்பித்தேன்.

“இன்னிக்கு யார் மேலயும் வருத்தம் வெக்க மாட்டேன்னு நிய்யத் வெச்சிருக்கேன் தம்பி. அத நாளைக்கு வந்து சொல்லுங்க. டீ ஆறுது பாருங்க.”

மறுநாளும் போனேன். “நாளைக்கு” என்றார். அதைச் சொல்ல வேண்டும் என்ற சாக்கில், அவர் இருந்த வரைக்கும், பதினோரு வருஷம் அந்த வீட்டில் டீ குடித்தேன்.