கரண்ட் அண்ணையின் ஊதா வெளிச்சம்

கரண்ட் அண்ணை படியேறி வருகிறார் என்றால் நோயும் ஓடும், நோயாளியும் ஓடுவார். யார் முந்துவது என்பதுதான் கேள்வி. சந்தேகமிருந்தால் நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனத்தைக் கேட்டுப் பாருங்கள். வரிக் கந்தோருக்கே பயப்படாதவர்கள்கூட அவர் கதவைத் தட்டினால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பஸ் கராச்சில் மெக்கானிக்காக இருந்து ஓய்வெடுத்தவர். பள்ளிக்கூட பாண்ட் கோஷ்டிக்குக் காசு சேர்க்க வைக்கும் பழைய சாமான் சந்தையில் ஒருநாள் ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வந்தார். உள்ளே வெல்வெட் துணியில் கண்ணாடிக் குழாய்கள். சீப்பு மாதிரி ஒன்று, கரண்டி மாதிரி ஒன்று, எங்கே வைப்பது என்று கேட்கவே பயமான இன்னொன்று. கரண்டில் மாட்டினால் குழாய் ஊதா நிறத்தில் எரியும். உடம்பில் வைத்தால் சிர்ரென்று பொறி பறக்கும். நூறு வருஷத்துக்கு முன் இதைச் சர்வரோக நிவாரணி என்று விற்றிருக்கிறார்கள், சனமும் வாங்கியிருக்கிறது.

கூடவே ஒரு சின்னப் புத்தகம். மூட்டுவாதம், முடி கொட்டுதல், வாய்வு, கெட்ட கனவு, கூச்ச சுபாவம் என்று அந்தப் பெட்டி தீர்க்காத குறையே இல்லை. 'எங்கள் ஏஜெண்ட் உங்கள் வீடு தேடி வருவார். குணமானதா என்று மறுநாளும் வந்து விசாரிப்பார்' என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. அந்தக் கொம்பனி எப்போதோ மண்ணாகிப் போயிருக்கும். அதனால் என்ன? கரண்ட் அண்ணை கழுத்தில் ரை கட்டிக்கொண்டு தானே ஏஜெண்டாகிவிட்டார்.

"டொக்டரிட்டைப் போனால் தண்ணியைக் குடி, குளிசையைப் போடு, ரெண்டு கிழமை பாப்பம் எண்டுவான்," என்பார். "நான் உடனை பாக்கிறன்."

முதலில் அகப்பட்டவர் எதிர்வீட்டுப் பரமேஸ் அக்கா. முழங்கால் வலி. குழாயை வைத்ததுதான் தாமதம், 'டப்' என்று ஒரு சத்தம். எங்கள் படிக்கட்டு முழுவதும் இருண்டு, எரிந்த வாசம் வந்தது. இருட்டுக்குள் பரமேஸ் அக்கா முருகனைக் கூப்பிட்டது கீழ்வீட்டு நோர்வேக்காரிக்கும் விளங்கியது. மறுநாள் ஏஜெண்ட் விசாரிக்க வந்தார். அவரைக் கண்டதும் அக்கா படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடாமல் நாலாம் மாடிக்கு ஓடினார்.

"பாத்தீரோ தம்பி, என்ன ஓட்டம் ஓடுறா!" என்று கரண்ட் அண்ணை என்னிடம் பெருமைப்பட்டார்.

அன்றைக்கே கட்டடப் பராமரிப்புக்காரன் வந்து, கரண்ட் அண்ணையின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் ஏசினான். எங்களுக்கு விடிவு வந்ததென்று நினைத்தோம். அடுத்த ஞாயிறே மனிதர் பெட்டியும் கையுமாகப் படியேறினார். ஆனால் அதன்பின் அவர் பெட்டியைத் திறந்து குழாயைத் துடைக்கத் தொடங்கும்போதே, "நாளைக்கே டொக்டரிட்டைப் போறன் அண்ணை" என்று எல்லோரும் சத்தியம் செய்துவிடுவார்கள். பயத்தில் போயும் விடுவார்கள்.

போன மாரியில் எனக்கு முறை வந்தது. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சை யாரோ ஏறி மிதிப்பது போல இருந்தது. இடது கை கனத்தது. வேர்த்துக் கொட்டியது.

"வாய்வு," என்றேன். நெஞ்சு வெடித்தாலும் எங்கள் ஆட்களுக்கு அது வாய்வுதான்.

"வாய்வுக்கு இப்பிடி வேர்க்குமோ? நான் அம்புலன்சுக்கு அடிக்கிறன்," என்றாள் மனைவி சாந்தி.

"அடிச்சுப் பாரும். வந்தாலும் ஏறமாட்டன். இஞ்சித் தண்ணி வையும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சாவைவிட ஆஸ்பத்திரியில்தான் பயம். என் அண்ணன் இதே ஊர் ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவர். திரும்பி வரவில்லை. அங்கேயுள்ள நீளமான நடைவழியை நினைத்தாலே எனக்குக் கால் வராது. சாந்தி கெஞ்சினாள், அழுதாள். பிறகு விறுக்கென்று கீழே போனாள்.

திரும்பி வந்தபோது பின்னால் கரண்ட் அண்ணை. ரையும் கட்டியிருந்தார்.

"என்ன தம்பி, வாய்வாமே?"

"ஓம் அண்ணை. இப்ப சுகம்."

"வாய்வு புத்தகத்திலை இருக்கு. நேரை நெஞ்சிலை வைக்கச் சொல்லியிருக்கு. சேட்டைக் கழட்டும்."

பெட்டி திறந்தது. ஆகப் பெரிய குழாயை எடுத்து ஊதி ஊதித் துடைத்தார். "உமக்குக் கொஞ்சம் கூட்டி வைப்பம்," என்றார். நான் சேட்டை இழுத்து மூடிக்கொண்டேன்.

"சாந்தி, அம்புலன்சுக்கு அடியும்!" என்று கத்தினேன்.

"அது கீழை வந்து நிக்குது," என்றாள். "அண்ணை படியேற முதலே அடிச்சிட்டார்."

குழாயோடு அவர் ஒரு அடி கிட்ட வந்தார். நான் நானாகவே படியிறங்கிப் போய் ஸ்ட்ரெச்சரில் படுத்தேன்.

ஆஸ்பத்திரியில், நெஞ்சில் அடைத்திருந்த இரத்தக் குழாயைத் திறந்து விட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்..." என்று தொடங்கிய டொக்டர் அதை முடிக்கவில்லை.

வீடு வந்த மறுநாள் ஏஜெண்ட் வந்தார். "எப்பிடி, சுகமோ?" அன்றைக்குத்தான் பெட்டியைப் பயமில்லாமல் எட்டிப் பார்த்தேன். வயரின் நுனியில் பிளக் இல்லை. வெட்டின இடத்தில் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றியிருந்தது.

"பரமேஸின்ரை முழங்கால் அலுவலோடை அந்தப் பராமரிப்புக்காரன் பிளக்கை வெட்டிப்போட்டான்," என்றார்.

"பிறகேன் அண்ணை இந்தப் பெட்டியைக் காவிக்கொண்டு திரியிறியள்?"

"டொக்டரிலை உங்களுக்குப் பயம். அதைவிட என்னிலை கூடப் பயம். அதுதான்."

இப்போது அவர் பெட்டியோடு பேர்கன் நகரில், மகள் வீட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு தட்டுப்பட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கிறது. அவராக இருக்கவேண்டுமே என்று ஓடிப்போய்த் திறக்கிறேன்.