நாலடுக்கும் அசல் கேக்

மல்வேர்ன், ஸ்காபரோ

பாசமுள்ள யோகராணி அக்காவுக்கு,

தம்பி நவரட்ணம் எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். பாரிசில் உங்கள் முழங்கால் எப்படி? அந்த முழங்காலைச் சாட்டித்தான் என் மகள், உங்கள் மருமகள் அட்சயாவின் கலியாணத்துக்கு வராமல் விட்டீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் மனைவி புனிதவதியோடு வாரம் தவறாமல் கதைக்கிறீர்கள், என் அழைப்பை மட்டும் ஐந்து வருடமாக எடுப்பதில்லை. ஆகவே கடிதம். இதை நீங்கள் இடையில் நிறுத்த முடியாது.

விஷயம் கேக். ஐந்து வருடத்துக்கு முன்னர் பாரிசில் உங்கள் மகன் திலக்சனின் கலியாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கத்தியை வைத்து அழுத்த, கத்தி ‘கிறீச்’ என்றது ஞாபகமா? ஞாபகம் இல்லாமல் போகுமா? தொலைக்காட்சி வாங்கினால் பெட்டிக்குள் சுற்றி வருமே, அந்த வெள்ளை றெஜிபோம். அதன்மேல் ஐசிங் பூசி, பூ வைத்து, நாலடுக்குக் கேக் என்று நிறுத்தியிருந்தீர்கள். நான் சிரித்தேன். கொஞ்சம் பலமாகத்தான் சிரித்தேன். “உது றெஜிபோம்! என்ரை மகளின்ரை கலியாணத்திலை பாருங்கோ, அடியிலையிருந்து நுனி மட்டும் கேக்தான்!” என்று நான் சொன்னது வீடியோவில் அப்படியே விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை, வீடியோக்காரன் பக்கத்தில் நின்றான். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அக்கா, உங்கள் தம்பி அதைக் காப்பாற்றிவிட்டான். அதை எழுதும்போதே நெஞ்சு நிமிர்கிறது.

கேக் அடித்தது புனிதவதி. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கேக் எவரும் அடிக்கலாம். கலியாணக் கிழமையில் சேலை, மணவறை, சாப்பாட்டுக்காரர் என்று ஓடும்போது யார் அவண் அடுப்புக்கு முன்னால் நிற்பது? இரண்டு கிழமைக்கு முன்னரே அடித்து, உறைய வைத்து, பிறகு குளிர் இறக்கி எடுத்துத்தான் ஐசிங் பூச வேண்டும். அங்கேதான் ஆள் வேண்டும். மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சனில், குளிரறையில் மட்டும் இருபத்து மூன்று வருடம் நின்றவன் நான். நான் உறைய வைத்த சாப்பாட்டை உலகத்தின் எல்லாத் திசையிலும் சனம் மேகத்துக்கு மேலே இருந்து சாப்பிட்டிருக்கிறது, ஒருவரும் இறங்கி வந்து முறைப்பாடு சொன்னதில்லை.

முதலில் பேஸ்மென்டில் இருக்கும் டீப் பிறீசரைக் காலி செய்தேன். உள்ளே புனிதவதி மாதக்கணக்காகச் சேர்த்த அறக்குளாவும் விளைமீனும் இறாலும். கேக்குக்கு மீன் மணம் பிடித்தால் என் மானம் என்ன ஆவது? பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மீனைப் பகிர்ந்து கொடுத்தேன், எங்கள் வரிசை முழுக்க ஒரு கிழமை மீன்குழம்பு மணத்தது, எங்கள் வீட்டில் மட்டும் பருப்பு. புனிதவதி முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் நாலு கேக்கையும் நன்றாக ஆற விட்டு, பிளாஸ்ரிக் தாளால் இரண்டு சுற்று, அதன்மேல் அலுமினியப் போயில் பேப்பரால் ஒரு சுற்று சுற்றி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இலக்கம் போட்டு, ஒவ்வொன்றிலும் ‘தொடக்கூடாது. நவரட்ணம்’ என்று எழுதி அடுக்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் புயல் அடித்துக் கரண்ட் போய்விட்டது. நான் ஓடிப்போய் பிறீசர் மூடியின் மேல் ஏறிக் குந்திவிட்டேன். மூடியைத் திறந்தால்தானே குளிர் வெளியே போகும்? யாராவது ஐஸ் எடுக்க வந்தாலும் என்னைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். “இஞ்சாருங்கோ, ஆக்கள் வந்திருக்கினம், மேலை வாங்கோ” என்று புனிதவதி கூப்பிட, “கரண்ட் வந்தால் வாறன்” என்றேன். கடைசியில் மாப்பிள்ளை மிதுனன்தான் கீழே இறங்கி வந்தான். “அங்கிள், are you okay?” என்று கேட்டான். விளக்கினேன். அந்தப் பிள்ளை மூடியின் மற்றப் பக்கத்தில் ஏறி இருந்தான், இரண்டு மணித்தியாலம் இருந்தான். என் மகளை நல்ல இடத்தில்தான் கொடுக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது.

இனிக் குளிர் இறக்கிய விதம். இதைக் கவனமாக வாசியுங்கள், உங்களுக்கும் உதவும். சுற்றின தாளைப் பிரிக்காமல் முதலில் சாதாரண பிரிட்ஜில் ஒரு இரவு வைக்க வேண்டும், அதன்பிறகு வெளியே. அப்போது வேர்வைத் தண்ணீர் தாளில் படியும், கேக்கில் படியாது. முதலே பிரித்தால் கேக் நனைந்து ஐசிங் வழுக்கும். வியாழக்கிழமை காலையில் பிரிட்ஜில் வைத்தேன். மத்தியானம் தொட்டுப் பார்த்தால் ஓரம் மெத்தென்று இருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது, கலியாணம் ஞாயிற்றுக்கிழமை அல்லவா? திரும்பப் பிறீசருக்குள் வைத்துவிட்டேன். வெள்ளி காலை மறுபடி எடுத்தேன். பின்னேரம் போயில் பேப்பரில் முத்து முத்தாகத் தண்ணீர். உடனே உள்ளே. இப்படி இரண்டு தடவை அந்தக் கேக்கை நான் காப்பாற்றியிருக்கிறேன். சனி விடியத்தான் மனம் துணிந்து குசினி மேசையில் எடுத்து வைத்தேன்.

பத்து மணிக்கு ஐசிங் பூசும் கிளடிஸ் அன்ரி வந்தா. ஆள் என் தோளுக்குக்கூட வரமாட்டா, கையில் அவ்வளவு வேலை. அவ முதலாவது கேக்கை விரலால் தட்டிப் பார்த்தா, என்னைப் பார்த்தா, புனிதவதியைப் பார்த்தா. என் வேலையைப் பார்த்து வாயடைத்துப் போய்விட்டா என்று விளங்கியது. புனிதவதி உடனே, “நீங்கள் மண்டபத்துக்குப் போய் மணவறைக்காரர் வந்திட்டினமோ எண்டு பார்த்திட்டு வாங்கோ, ஆறுதலாய் வாங்கோ” என்றாள். நாலு மணிக்குத் திரும்பி வந்தால், அக்கா, நாலடுக்கு! வெள்ளை ஐசிங், ரோசாப்பூ, ஓரத்தில் மாங்காய் வடிவம். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு துளி வேர்வை இல்லை. என் கண் கலங்கிவிட்டது. தொடப் போனேன், “கையை எடுங்கோ!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஞாயிறு மண்டபத்தில் வான் வண்டியிலிருந்து கேக்கை இறக்க நான் நாலு பெடியளைக் கூட்டிக்கொண்டு போனேன். கிளடிஸ் அன்ரி அதற்குள் தனியே, ஒரு கையில் கைப்பையோடு, மற்றக் கையால் தூக்கிக்கொண்டு போய்விட்டா. அந்த வயதில் அந்தப் பலம்! நானூறு பேருக்கு முன்னால் மைக்கை வாங்கி, “சில இடங்களிலை மாதிரி இல்லை, இது நாலடுக்கும் அசல் கேக்” என்று சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. புனிதவதி பிள்ளைகளின் கையைப் பிடித்து, “அங்கை இல்லை, இந்தப் பூவுக்குக் கீழை வெட்டுங்கோ” என்று இடம் காட்டிக்கொடுத்தாள், எதிலும் ஒழுங்கு பார்க்கிறவள் அல்லவா? கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. கிறீச்சும் இல்லை, கிறாச்சும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்து பரிமாறினார்கள். வாயில் வைத்ததும் சொல்லிவிட்டேன், இந்த மென்மை அடுப்பால் வருவதில்லை, குளிரால் வருவது என்று. படங்கள் இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் கேக்குக்குப் பக்கத்தில் நிற்பது நான்.

அட்சயாவும் மிதுனனும் மாமியைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். திலக்சன் குடும்பத்துக்கு எங்கள் ஆசி. முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள், குளிரில் வெளிக்கிட வேண்டாம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் காத்த உங்கள் தம்பி,
நவரட்ணம்

பி.கு.: கடித உறையை ஒட்ட முதல் இன்று காலையில், புனிதவதியின் கோபத்தைத் தணிக்க இரண்டு அறக்குளா வாங்கிவந்து பிறீசரைத் திறந்தேன். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ‘தொடக்கூடாது. நவரட்ணம்.’

புனிதவதியைக் கூப்பிட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: “ஒன்பது நாளாச்சு, இப்பதான் கண்டனீங்களோ? எடுத்து எடுத்து உள்ளுக்கை வைச்சுக் கல்லாக்கிப் போட்டியள். கிளடிஸ் தட்டிப் பார்த்திட்டு, இதுக்கு மேலை ஐசிங் நிக்காது எண்டிட்டா. எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை, யோகராணி மச்சாளுக்குப் போன் எடுத்தன்.”

அதற்கு நீங்கள் சொன்னீர்களாம்: “அவன் நானூறு பேருக்கு முன்னாலை வெக்கப்படக்கூடாது. றெஜிபோம் வையுங்கோ, அடியடுக்கிலை பூவுக்குக் கீழை மட்டும் ஒரு துண்டு உண்மைக் கேக் சொருகி விடுங்கோ. அவனுக்குச் சொல்லாதேங்கோ.” நான் குளிரால் வந்த மென்மை என்று சொன்னது, கிளடிஸ் அன்ரி கலியாணத்தன்று விடிய அடித்துக்கொண்டு வந்த, குளிரே காணாத கேக்காம்.

அக்கா, பாரிசில் சிரித்தவன் நான். நீங்கள் சிரிக்கவில்லை. என்னை மன்னியுங்கள். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதலாம் என்று பார்த்தேன், அதுவும் இன்னொரு றெஜிபோமாகத்தான் இருக்கும். அப்படியே அனுப்புகிறேன், ஆசை தீரச் சிரியுங்கள்.

நாலும் கெடாமல் இருக்கிறது, சுற்று ஒன்றும் பிரியவில்லை, அந்த வேலையில் மட்டும் ஒருவரும் குறை சொல்ல முடியாது. நீங்கள் பிளேன் ஏறுகிற திகதியைச் சொல்லுங்கள். முதல் நாளே வெளியே எடுத்து வைக்கிறேன். இந்தமுறை திரும்ப உள்ளே வைக்க மாட்டேன்.