கோச்சைக் கைதட்டி உட்காரவைத்தோம்

சுந்தரம் அண்ணே, கோச்சைப் பேசவிடாமல் செய்தது நீங்கள். நீங்கள் சொன்னீர்கள், நான் செய்தேன். என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2006. இங்கே அமெரிக்காவில், நம் கேட்டி ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. நீங்கள் தலைவர், நான் தொகுப்பாளர். (பட்டு ஜிப்பா, கையில் மைக். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.) சிறப்பு விருந்தினர் என் பக்கத்து வீட்டு வெர்னன். தொண்ணூற்றொரு வயது. அந்தக் காலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால், பாஸ்கெட்பால் இரண்டுக்கும் அவர் ஒருவரே கோச். டீம் பஸ்ஸை ஓட்டியதும் அவர்தான்.

நான் அழைத்தபோது, பெற்றோர்கள் வருவார்களா என்று மட்டும் கேட்டார். அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம். ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினார்.

மேடையில் நான் அவரைப் பதினொரு நிமிடம் அறிமுகம் செய்தேன். அவர் ஜெயிக்காத கோப்பைகளையும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்து பொன்னாடை. நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். ஒருவரை விட்டாலும் சங்கம் உடையும். ஆகவே ஒன்பது பொன்னாடை, ஒன்பது போட்டோ. ஆறாவதிலேயே மனிதரின் காது மறைந்துவிட்டது.

அப்புறம் நீங்கள் நாற்பது நிமிடம் பேசினீர்கள். அவர் எழுந்து வந்து தாளைப் பிரித்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, டான்ஸ் பசங்க மேக்கப் போட்டுட்டு நிக்கறாங்க. கட் பண்ணு."

"அண்ணே, அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"வெள்ளக்காரர்தானே, தப்பா எடுத்துக்க மாட்டார். கைதட்டச் சொல்லு, தானா உக்காந்துடுவார்."

சொன்னேன். முந்நூறு பேர் கைதட்டினார்கள். அவர் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் காரில் எனக்கு மட்டும் அதைப் படித்துக் காட்டினார். பயிற்சியின்போது தண்ணீர் குடித்தால் பையன்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று அந்தக் காலத்துக் கோச்சுகள் நம்பினார்களாம். அவரும் கொடுக்கவில்லை. வெயில் கொளுத்திய ஓர் ஆகஸ்ட் மதியம், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு முறை தண்ணீர் கேட்டான். பிறகு சுருண்டு விழுந்தான். எழவில்லை. கல்லூரி அவரை ஒரு வார்த்தை கேட்காமல் வேலையில் வைத்துக்கொண்டது. சாவதற்குள் ஒரு முறையாவது பத்துப் பேர் முன்னால் இதை ஒப்புக்கொள்ள நினைத்ததாகச் சொன்னார்.

அந்த வருடமே மார்ச்சில் இறந்துவிட்டார்.

இன்றும் சாப்பாட்டு மேசையில் நான் பேச்சை நீட்டினால் என் மகள் கைதட்டுகிறாள். "தேங்க் யூ அப்பா, ப்ளீஸ் சிட்." வீடே சிரிக்கிறது. நானும் சிரித்துவைக்கிறேன்.

இப்போது சங்கத்தின் விழா மலரில், 2006 பொங்கலன்று உடம்பு முடியாததால் கோச் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொய். வருகிற பொதுக்குழுவில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள்: அவரை நிறுத்தச் சொன்னது யார்?