என் லைசென்ஸுக்கு வந்த முதுகுவலி

மனைவிக்குத் தெரியாமல் ஒரு விஷயத்தை மூன்று மாதம் மறைத்து வைப்பது என்று அன்று காலை முடிவு செய்தேன். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் கல்யாணம் ஆனவர்கள். சிரிக்காதவர்களுக்கு என் முன்கூட்டிய அனுதாபங்கள்.

விஷயம் இதுதான். என் டிரைவிங் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். என்னை! ஸ்டியரிங்கைப் பிடித்தால் தெருவே எழுந்து நின்று வழிவிடும் என்று பெயரெடுத்த என்னை! (வழிவிடவில்லை, பயந்து ஒதுங்குகிறார்கள் என்பது என் மனைவியின் கட்சி.)

மூன்று குற்றமாம். முதல் குற்றம் வேகம். எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருமே வேகமாகத்தான் தெரிவார்கள். இரண்டாவது, சிவப்பு விளக்கைத் தாண்டியது. அது சிவப்பே இல்லை, கொஞ்சம் வெட்கப்பட்ட மஞ்சள். மூன்றாவது, ஓட்டும்போது ஃபோனில் பேசியது. இதுதான் பச்சைப் பொய். மறுமுனையில் இருந்தவள் என் மனைவி. நான் எங்கே பேசினேன்? 'ம்' கொட்டினேன்.

இதையெல்லாம் லைசென்ஸ் அலுவலகத்து குமாஸ்தாவிடம் விளக்கினேன். அவர் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு கேட்டார். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"அப்ப என் லைசென்ஸை ரத்து பண்ணிட்டீங்க?"

"ரத்து இல்ல சார். சஸ்பென்ஷன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

"ஆச்சு."

"வீட்டுக்காரம்மா கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. அது சஸ்பென்ஷன். கொஞ்ச நாள் ஒழுங்கா இருந்தா தானா சரியாயிடும். பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்கன்னா, அதுதான் ரத்து. அப்புறம் நீங்க எல் போர்டு மாட்டிக்கிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?"

"லைசென்ஸை இங்க குடுத்துடுங்க. மூணு மாசம் வண்டியைத் தொடாதீங்க. சாலைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனா காலத்தைக் குறைப்பாங்க. இல்ல, உங்க மேல தப்பே இல்லைன்னு தோணுச்சுன்னா ஒரு மாசத்துக்குள்ள மேல்முறையீடு பண்ணுங்க. நடுவுல மட்டும் ஓட்டி மாட்டினீங்க..." அவர் விரலால் கழுத்தில் ஒரு கோடு போட்டார். "பெட்டி கிளம்பிடும்."

வகுப்பாம்! எனக்காம்! வகுப்பு எடுக்கிறவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் பாடம் நடத்துவேன். குமாஸ்தாவை இரக்கத்தோடு பார்த்தேன். பாவம், சட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத பிறவி. ஆனாலும் எனக்கு அவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

"இந்த விஷயம் எங்க வீட்டுக்குத் தெரியக் கூடாது. நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க."

"எனக்கென்ன சார் வந்தது? எனக்கு இருக்கற பல் வலியில..."

நான் உருகிப்போனேன். ஒரு ஆளைக் கைக்குள் போட்டுக்கொள்ள உபகாரத்தைவிடச் சிறந்த வழி ஏது? "கவலைப்படாதீங்க. நாலு தெரு தள்ளி ஒரு நல்ல பல் க்ளினிக் இருக்கு. வரவேற்பு மேசையில இருக்கறது என் மனைவிதான். என் பேரைச் சொல்லுங்க. முதல் ஆளா உள்ள அனுப்புவா."

இந்த இடத்தில் வாசகர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். நான் பிற்பாடு அடித்துக்கொண்டேன்.

அன்று மாலையே வீட்டில் திட்டத்தை அரங்கேற்றினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாதி வளைந்து, வாசற்படி ஏறினேன்.

"என்னங்க ஆச்சு?"

"முதுகு. டாக்டர் மூணு மாசம் கார் ஓட்டக் கூடாதுன்னுட்டார்."

"எந்த டாக்டர்?"

இந்தப் பெண்களுக்கு எங்கிருந்துதான் கேள்வி வருமோ! "புது டாக்டர். நீ பார்த்ததில்ல."

"ஐயோ பாவம்," என்றாள். முகத்தில் அப்படி ஒரு கருணை. நான் மனசுக்குள் என் முதுகை நானே தட்டிக்கொடுத்தேன். வலிக்காத முதுகுதானே.

இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாளிலிருந்து அவளுடைய கருணை தீவிரமடைந்தது.

"மெத்தையில படுக்கக் கூடாதுங்க. முதுகுவலிக்குத் தரைதான் நல்லது."

நான் மெத்தைக் கடை மேனேஜர். 'இதில் படுத்தால் முதுகுவலி என்ற வார்த்தையே மறந்துவிடும்' என்று நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் சத்தியம் செய்கிறவன். ராத்திரி வீட்டுக்கு வந்து வெறும் தரையில் படுத்தேன். கட்டிலில் என் மெத்தைமேல் அவள் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"சோபாவும் வேண்டாங்க. குழியுது. நேரா நாற்காலியில உக்காருங்க."

"சரி."

"நடக்கறது ரொம்ப நல்லதாம். காய்கறிக் கடைக்கு நீங்களே நடந்து போயிட்டு வந்துடுங்க."

"சரி."

"பை கனமா இருந்தா ரெண்டு கையிலயும் சமமா பிரிச்சுத் தூக்கணும். அப்பத்தான் முதுகு கோணாது."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"புது டாக்டர். நீங்க பார்த்ததில்ல."

நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஏனென்றால் என் மனைவியைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. பல் க்ளினிக் வாசலில் உட்கார்ந்து 'வலிக்காது, வலிக்காது' என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் அப்பாவி. அதை அவளே நம்புகிறாள் என்று நினைத்தேன்.

வெளியே போக வேண்டியிருந்தால் காரை அவள் தம்பி ஓட்டினான். என் மைத்துனனைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். அவன் வண்டிக்குள் உட்கார்ந்தாலும் அதேதான். அடுத்த தெருவில் ஒரு பூனை குறுக்கே போகலாம் என்று இந்தத் தெருவிலேயே பிரேக் பிடிப்பான். ஆமை என்று நான் வைத்த பெயர் ஆமைகளுக்கு அவமானம். பின் சீட்டில் கையைப் பிசைந்துகொண்டு கிடந்தேன்.

"போடா, போடா! பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு அம்மா தாண்டிக்கிட்டிருக்காங்க மாமா."

"அவங்க ஒதுங்குவாங்கடா!"

"அப்படி நினைச்சுத்தான் சில பேருக்கு முதுகு வலிக்குது மாமா," என்றான். அவனும் அக்காவும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை எல்லை கடந்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். தெருமுனை வரைக்கும் ஒரே ஒரு ஓட்டம். எவன் கேட்கப்போகிறான்? கதவைத் திறந்து, உட்கார்ந்து, சாவியை நுழைத்தேன். என்ஜின் செல்லமாக உறுமியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். தலையில் ஈரத் துண்டோடு என் மனைவி.

உடனே முதுகைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா... ஆ..."

"நிறுத்துங்க."

"வலியை எப்படி நிறுத்தறது?"

"என்ஜினை நிறுத்துங்க. இப்ப ஓட்டி மாட்டினா சஸ்பென்ஷன் ரத்தா மாறிடும். அப்புறம் எல் போர்டுலேருந்து ஆரம்பிக்கணும்."

என்ஜினோடு சேர்ந்து நானும் நின்றுபோனேன்.

"உனக்கு... எப்படி...?"

"கன்னம் வீங்கின ஒருத்தர் வந்தார். உங்க பேரைச் சொன்னார். முதல் ஆளா உள்ள அனுப்பினேன்."

"வாயைத் திறக்காதேன்னு அந்த ஆள்கிட்ட அவ்வளவு சொன்னேனே!"

"பல் டாக்டர்கிட்ட வந்து வாயைத் திறக்காம எப்படிங்க?"

பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சிக்கிட்டே என்னைத் தரையில படுக்க வெச்சியா?"

"நீங்கதான் முதுகு வலிக்குதுன்னீங்க. புருஷன் சொன்னா நம்பறதுதானே முறை?" என்றாள். "போகட்டும். அந்த வகுப்புக்குப் போயிட்டு வந்துடுங்க. ரெண்டே நாள். எல்லாம் சரியாயிடும்."

"செத்தாலும் போக மாட்டேன். மேல்முறையீடு பண்ணப்போறேன். இன்னும் நாள் இருக்கு. நீ வந்து சாட்சி சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"நான் கார் ஓட்டலைன்னா குடும்பமே தவிக்குதுன்னு சொல்லணும். வேலைக்குப் போக முடியலை, அதுஇதுன்னு. கண்ணுல தண்ணி வந்தா இன்னும் நல்லது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிங்க, வரேன்," என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. வெற்றிக் களிப்பில் அதை நான் கவனிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மூக்கின் நுனியில் கண்ணாடி போட்டிருந்தார். அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. நான் எழுந்து நின்று பேசினேன். தண்ணீர் லாரி, வெட்கப்பட்ட மஞ்சள், 'ம்' கொட்டியது எல்லாவற்றையும் உணர்ச்சியோடு விளக்கினேன். நானே கேட்டு நானே நெகிழ்ந்தேன். அதிகாரி ஒரு கொட்டாவியை மென்று விழுங்கினார்.

"உங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்டலைன்னா உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொள் என்று ஜாடை காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

"அவர் வேலைக்குப் போகணும் சார்."

"கடை எவ்வளவு தூரம்?"

"நடந்தா கால் மணி நேரம்."

"கார்ல?"

"அரை மணி நேரம் சார். வழியில நாலு பேர்கிட்ட சண்டை போடணும் இல்லையா?"

அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். அவருக்குச் சுவாரஸ்யம் பிறந்துவிட்டது. "அவர் ஓட்டும்போது நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்திருக்கேன் சார்."

"அந்த சிவப்பு விளக்கை நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"பாருங்க சார்!" என்று நான் துள்ளினேன்.

"அவர் ஓட்டும்போது நான் கண்ணைத் திறக்கறதில்ல சார்," என்று முடித்தாள்.

நான் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தேன். முதுகு நிஜமாகவே வலித்தது.

"அப்ப இவர் லைசென்ஸைத் திருப்பிக் குடுக்க வேண்டாம்னு சொல்றீங்களா?"

"குடுத்துடுங்க சார்."

நான் நிமிர்ந்தேன். ஆயிரம் இருந்தாலும் என் மனைவி!

"மனுஷர் ரொம்ப ஏங்கிப்போயிட்டார். கார் கண்ணாடியைத் தடவிக்கிட்டு நிக்கறார். குடுத்துடுங்க. ஆனா அந்த வகுப்பை முடிக்கணும்னு சொல்லிடுங்க. அதோட ஒரு ஆறு மாசத்துக்கு, பக்கத்துல லைசென்ஸ் இருக்கற பொறுப்பான ஒருத்தர் இல்லாம ஓட்டக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை போட்டுடுங்க. அப்படிப் போட உங்களுக்கு அதிகாரம் இருக்கு சார். கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."

யாரிடம் கேட்டிருப்பாள் என்று எனக்கா தெரியாது? அந்தக் கன்னம் மறுபடியும் வீங்கட்டும்.

அதிகாரி தாடையைத் தடவினார். "யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்நேரமும் கூட வர அந்த மாதிரி ஒருத்தர் வேணுமே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கேதான் கோட்டை விட்டாள். எங்கள் வீட்டில் லைசென்ஸ் உள்ளவன் நான் ஒருவன்தான். ஆமை அவன் வீட்டில் இருக்கிறான். நிபந்தனையே செல்லாது!

என் மனைவி ஹாண்ட்பேக்கைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பளபளவென்று புது லைசென்ஸ். அதில் அவள் புகைப்படம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப... எப்ப வாங்கினே?"

"போன வாரம். தம்பிதான் சொல்லிக்குடுத்தான்."

"எந்த வண்டியில?"

"நம்ம வண்டியிலதான். நீங்க காய்கறி வாங்கிட்டு நடந்து வர்றதுக்குள்ள தினம் ஒரு பாடம் முடிஞ்சிடும். நல்லா சொல்லிக்குடுக்கறான் அவன். முதல் தடவையே பாஸ் பண்ணிட்டேன்."

அதிகாரி கைதட்டாத குறை. அங்கேயே உத்தரவு போட்டுவிட்டார். நான் தனியாக ஒரு அங்குலம் நகர்த்தினாலும் சஸ்பென்ஷன் கிடையாது, நேராக ரத்து. "இப்படி ஒரு மனைவி கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும் சார்," என்று வேறு சொன்னார். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எதைக் கொடுத்து வைத்தேன் என்று ஒருவரும் சொல்வதில்லை.

வகுப்புக்குப் போனேன். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். அதைப் பற்றி மேலும் விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று நாங்கள் இருவரும் காரில் ஏறினோம். ஸ்டியரிங் என் கையில். சொர்க்கம்! மூச்சை இழுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டர்மேல் காலை வைத்தேன்.

"பெல்ட்."

போட்டேன்.

"கண்ணாடி."

சரி செய்தேன்.

"ஃபோனை என்கிட்ட குடுங்க. மெதுவா. இன்னும் மெதுவா. அந்த ஐயா தாண்டட்டும். அவர் நாயும் தாண்டட்டும். மஞ்சள்! நிறுத்துங்க!"

கார் ஓட்டுவது நான். என்னை ஓட்டுவது அவள். ஊரில் உள்ள அத்தனை பேரும் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, என்னைப் பரிவோடு பார்த்துவிட்டு, என் மனைவியிடம் கேட்டார்: "சார் புதுசா கத்துக்கறாராம்மா?"

"புதுசா எங்கங்க? கல்யாணம் ஆன நாள்லேருந்து கத்துக்கிட்டுதான் இருக்கார்," என்றாள் அவள். "இன்னும் வரலை."